உம்மும்மாவின் பாதங்கள்

எங்கள் உம்மும்மாவை ஊரில் ‘பரவாக்கால் உம்மா’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, நாலு வீடு தள்ளி நின்றுகொண்டு. யானைக்கால் வருத்தத்துக்குச் சிங்களத்தில் ‘பரவா’ என்று பெயர். வெலிகமவில் எங்கள் வீடுகளுக்குள்ளும் அந்தச் சொல்லே புழங்கியது. ‘பரவாக்கால் உம்மாட பேத்தி’ என்று ஒரு கலியாண வீட்டில் என்னைச் சுட்டிக்காட்டிய பெண்ணின் முகம் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது.

தெற்குக் கரையோரத்தில் அந்நாளில் யானைக்கால் வருத்தம் அரிதான ஒன்றல்ல. கயிறு திரிப்பதற்காகத் தென்னை மட்டைகளை ஊறப்போடும் குழிகளிலும் அழுக்கு வடிகான்களிலும் பெருகிய நுளம்புகள் அதனை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. அதனை ஒழிப்பதற்கென்றே 1947இல் அரசாங்கம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. அதன் ஊழியர்கள் இரவு ஒன்பது, பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்துடன் வந்து கதவைத் தட்டுவார்கள். வருத்தத்தைத் தரும் நுண்புழுக்கள் இரவில்தான் விரல் நுனி இரத்தத்துக்கு வருமாம். தூக்கக் கலக்கத்தில் நாங்கள் வரிசையாக நின்று விரலை நீட்டுவோம். ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, பெயர் எழுதிக்கொண்டு போவார்கள்.

உம்மும்மாவின் கண்ணாடித் துண்டில் ஒருநாளும் புழு அகப்பட்டதில்லை. ஆனால், கால் வீங்கி முற்றிப்போனவர்களின் இரத்தத்தில் புழு தெரியாமல் இருப்பதும் உண்டு. எனவே, யாரும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிசை கொடுத்தார்கள், அவர் விழுங்கினார். கால்கள் அப்படியே இருந்தன.

அந்தக் கால்களை நான் இப்போது சரியாக நினைவுகூர முயல்கிறேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு தூண்கள். இரண்டும் ஒரே அளவு. கணுக்காலில் வளையம் போட்டாற்போல் சதை திடீரென்று நின்றுவிடும். அதற்குக் கீழே, வேறு யாருடையவோ பாதங்களைக் கொண்டுவந்து பொருத்தியது போல இரண்டு சின்னஞ்சிறு பாதங்கள். பெருநாள் இரவில் அந்த விரல்களுக்கு மருதோண்டி வைத்துவிடுவது என்னுடைய வேலை. விரல்கள் மெலிந்து, நீண்டு, நகங்கள் பாதாம் பருப்புப் போல இருக்கும். எங்கள் வீட்டிலேயே ஆகச் சின்ன பாட்டாச் செருப்பு அவருடையதுதான்.

மருதோண்டி வைக்கும்போது எனது முழங்கை அவருடைய கெண்டைக்காலில் பட்டுவிட்டால் துடித்துப்போவார். ‘மகள், காலெத் தொடவாண. தொட்டாலே நோகுது’ என்பார். மறுநாள் பார்த்தால் பட்ட இடத்தில் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருக்கும். ‘கொழுத்த ஒடம்பு நோகுமா? சும்மா பாசாங்கு’ என்று மாமா சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். 1993இல் அவர் மௌத்தானபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. கடைசிப் பத்து வருடங்களில் அவர் வாசற்படியைத் தாண்டியது இரண்டு முறைதான், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

நான் பெரிய பிள்ளையானது பன்னிரண்டு வயதில். அந்த வருடமே எனது கால்களும் பெருக்கத் தொடங்கின. உம்மாவின் கால்கள் மெலிந்தவை, தங்கச்சியினுடையவையும் அப்படித்தான். எனக்கு மட்டும் உம்மும்மாவின் கால்கள் வந்து சேர்ந்தன. உம்மா ஒன்றும் பேசவில்லை. என்னுடைய பாவாடைகளின் ஓரத்தைப் பிரித்து இரண்டு அங்குலம் நீட்டித் தைத்தார். இரவில் இரத்தம் எடுக்க வந்தவர்களிடம், ‘இந்தப் புள்ளட ரத்தத்தெ வடிவாப் பாருங்கொ’ என்று மெதுவாகச் சொன்னார். எனது கண்ணாடித் துண்டிலும் புழு இருக்கவில்லை.

பிறகு நான் ஆசிரியையானேன். 1998இல் கலியாணம். இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றின் பின்னும் கால்கள் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தன. காலப்போக்கில் உடம்பின் மேற்பகுதியும் பெருத்தது. நான் ஒன்றும் காற்றைக் குடித்து வாழ்ந்தவள் அல்லள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டிலப்பம் என்றால் இரண்டாவது துண்டுக்கும் கை நீளும். 2014இல் சீனி வருத்தம் வந்தது. சோற்றைக் குறைத்தேன், குரக்கன் ரொட்டிக்கு மாறினேன், சுபஹுக்குப் பின் கடற்கரை வீதியில் நடந்தேன். ஒவ்வொரு முறையும் முகம் வாடும், கழுத்தெலும்பு தெரியும், கால்கள் மட்டும் அசையாது. மனம் வெறுத்துப் பழையபடி சாப்பிடுவேன். அப்போது எல்லாம் சேர்ந்து கூடும்.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சஹன் சாப்பாடு என்பது வெறும் சாப்பாடல்ல. பாய் விரித்து, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைப்பது. யாரை யாருடன் உட்கார வைப்பது என்பதிலேயே உறவும் மரியாதையும் இருக்கிறது. எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகு கீழே உட்கார முடியவில்லை. கால்கள் மடியாது, மடித்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். குசினிப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு, தனிக் கோப்பையில் சோறு கொண்டுவந்து தருவார்கள். அன்பாகத்தான் தருவார்கள். அந்தக் கோப்பையைப் பார்க்கும்போது தொண்டைக்குள் ஏதோ அடைக்கும். தொழுகையும் கதிரைக்கு வந்துவிட்டது.

2018இல், எனது நிறை 119 கிலோவாக இருந்தபோது, கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய் அளவுக்கு மிச்சம் வைப்பார்கள். இரண்டு வருடங்களில் நிறை 71 கிலோவுக்கு இறங்கியது. சீனி அடங்கியது. மாத்திரைகளில் பாதியை நிறுத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சத்திரசிகிச்சைக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

ஆனால் 48 கிலோ போன பிறகு என்ன மிஞ்சும் என்பதை யாரும் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. தோல் ஒரு வரம்பு வரைதான் சுருங்கும். பல வருடங்கள் இழுபட்டுக் கிடந்த தோல் தன்னுடைய மீள்தன்மையை இழந்துவிடுகிறது. எனது வயிற்றுத் தோல் வெறும் சாக்குப் போலத் தொடைகளின் மேல் தொங்கியது. குளிக்கும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுவ வேண்டும். எங்கள் ஊரின் வெக்கையில் அந்த மடிப்புக்குள் வியர்வை காயாது. சிவந்து, வெடித்து, நீர் கசிந்து, நாற்றமெடுக்கும். பூசுமருந்து பூசினால் ஆறும், அடுத்த வாரம் திரும்ப வரும். உடுப்பில் கறை படுகிறதா, வுழூ நிற்கிறதா என்று ஒவ்வொரு வக்திலும் ஒரு போராட்டம். கைகளின் தோல் ஹபாயாவின் சட்டைக் கைக்குள் இறக்கை போல ஆடியது. ஊரில் என்னைக் கண்டவர்கள், ‘ஏன் மகள் இப்பிடி வாடிப் பெய்த்தீங்க, என்ன வருத்தமன்?’ என்று கேட்டார்கள். சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். புற்றுநோய் என்று ஒரு கதையும் உலாவியது.

கால்களோ, அப்படியே இருந்தன. மெலிந்த ஒருத்தியின் இடுப்புக்குக் கீழே பருத்த ஒருத்தியை வைத்துத் தைத்தது போல. ஒரு கிளினிக்கில் எனது அட்டையையும் கால்களையும் மாறிமாறிப் பார்த்த வைத்தியர், ‘உண்மையைச் சொல்லுங்கள் டீச்சர், வீட்டில் ஒளித்துச் சாப்பிடுகிறீர்கள்தானே?’ என்று கேட்டார். இருபது பேர் காத்திருந்த இடத்தில். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கொப்பி எடுத்து, வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினேன். மூன்று மாதம் எழுதினேன். அரைக் கோப்பை சோறு, ஒரு துண்டு மீன், பருப்பு, முட்டை. எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, எழுதாமல் எதையோ தின்றிருக்கிறேன் என்று என்னையே சந்தேகித்தேன். நாற்பத்தாறு வயதில், தன் வாயைத் தானே நம்பாத ஒருத்தியாக நான் ஆகியிருந்தேன்.

2021இல் வயிற்றுத் தோலைக் காட்டுவதற்காகத்தான் கொழும்பில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். பெண் வைத்தியர். வயிற்றைப் பார்த்து முடித்தபின், ‘காலையும் காட்டுங்கள்’ என்றார். நான் தயங்கி ஹபாயாவை உயர்த்தினேன். அவர் முதலில் பார்த்தது தொடையை அல்ல, எனது பாதங்களை. குனிந்து, இரண்டாவது கால்விரலின் அடியில் மேல்தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கினார். தோல் இலகுவாக எழும்பி வந்தது. கெண்டைக்காலில் மெதுவாக ஓர் அழுத்து அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன்.

‘நோகிறதா?’

‘எப்போதும் நோகும் டொக்டர்.’

‘இலகுவாகக் கன்றிப்போகுமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?’

உம்மும்மாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெயரையும் சொன்னேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி என்னைக் கதிரையிலிருந்து விழச் செய்யப் பார்த்தது. ‘அவருடைய பாதங்கள் எப்படி இருந்தன?’

யானைக்காலில் பொதுவாகப் பாதமும் விரல்களும் சேர்ந்தே வீங்கும், தோல் தடித்து, கிள்ளினால் எழும்பாது, பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் என்று அவர் விளக்கினார். உங்களுக்கு இருப்பது வேறு, இதற்கு லிப்பிடீமா என்று பெயர் என்றார். கொழுப்பு இழையம் இரண்டு கால்களிலும் ஒரே சீராக, சிலருக்குக் கைகளிலும், நோவுடன் பெருகும் நோய். பாதங்களைத் தொடாது. அநேகமாகப் பெண்களுக்கே வரும். பெரிய பிள்ளையாகும் வயதிலோ, கர்ப்பத்திலோ, மாதவிடாய் நிற்கும் காலத்திலோ தலைகாட்டும் அல்லது கூடும். பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடரும், ஆனால் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் வருவதில்லை. உடம்பின் மற்றக் கொழுப்புக் கரைவது போலப் பட்டினிக்கோ நடைக்கோ இது கரையாது. உடற்பருமனும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்திருக்கலாம். எனக்கு இரண்டும் இருந்தன. ஒன்று போயிற்று, மற்றது நின்றது. எனது கொப்பி பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த அலன், ஹைன்ஸ் என்ற இரு வைத்தியர்கள் இந்த நோய்க்கு இப்பெயரிட்டு எழுதியது 1940இல். எங்கள் உம்மும்மா பிறந்தது 1928இல். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த வருடம் அது. அவருடைய கால்கள் பெருக்கத் தொடங்கியிருக்கக்கூடிய அதே வயது. உலகத்தின் ஒரு மூலையில் அதற்குப் பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயர் வெலிகமவுக்கு வந்து சேர எண்பத்தொரு வருடங்கள் எடுத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் தனக்கென ஓர் இடத்துடன் லிப்பிடீமா நடைமுறைக்கு வந்ததே 2022இல்தான். ஆகவே, எங்கள் ஊர் வைத்தியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. உம்மும்மாவுக்கு இருந்தது இதுதான் என்று இனி எவராலும் நிரூபிக்கவும் முடியாது. நான் மருதோண்டி வைத்த அந்தப் பாதங்கள் மட்டுமே எனது சாட்சி.

சத்திரசிகிச்சை என்று முடிவானதும் உம்மாதான் முதலில் தடுமாறினார். ‘நோய்க்கு வெட்டினா சரி. தோலெயும் கொழுப்பெயும் வெட்டி வடிவாக்கியது, அல்லாஹ் படைச்சதெ மாத்தியதில்லயா மகள்?’ அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. சாச்சாவின் மகன் மௌலவி. அவரிடம் கேட்டேன். அவர் உடனே ‘கூடும்’ என்றும் சொல்லவில்லை, ‘கூடாது’ என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார். குறையை நீக்கவும், இழந்ததை மீட்கவும், உடலினதும் மனதினதும் உபாதையைப் போக்கவும் செய்வது ஆகும். வெறும் அலங்காரத்துக்காக இயல்பான தோற்றத்தை மாற்றுவது ஆகாது. நிறை ஒரு நோய் நிலையாக இருந்து, வேறு வழியும் இல்லாமல், தீங்கு நேராது என்ற உறுதியும் இருந்தால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதற்கும் இடமுண்டு. போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்கள், வெள்ளியில் செய்த மூக்கு நாற்றமெடுத்தபோது தங்கத்தில் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததையும் அவர் நினைவூட்டினார். ‘ஆணுக்குத் தங்கம் ஆகாது. ஆனாலும் அங்கே நாற்றமும் உபாதையும் இருந்தது’ என்றார்.

எனக்கு அந்த நாற்றம் தெரியும். வயிற்று மடிப்பை நினைத்துக்கொண்டேன். ஆனால் இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: வடிவாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் அறவே இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்குக் கண்ணாடி பார்க்கும் ஆசை இருக்கக் கூடாதா என்ன? எது மருந்து, எது ஆசை என்று பிரித்துப் பார்த்தேன். வயிறும் கால்களும் மருந்து. கைகளின் தோல் ஆசை. கைகளை அப்படியே விட்டுவிட்டேன். அது எனக்கும் என் மனதுக்கும் இடையிலான கணக்கு. இன்னொருத்திக்குக் கைகளே உபாதையாக இருக்கலாம். அவளுக்கு நான் பத்வா சொல்ல வரவில்லை.

2022 மார்ச்சில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த வருடம் நாட்டுக்கு நேர்ந்தது நம் எல்லோருக்கும் தெரியும். மருந்தும் சாமான்களும் இல்லாமல், அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பல இடங்களில் ஒத்திவைக்கப்பட்டன. என்னுடையதும் அதில் ஒன்று. நான் கோபப்படவில்லை. பெற்றோல் வரிசையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் தொங்கும் தோலுக்காக யாரிடம் முறையிடுவது? ஆனால் கால்களுக்கு அணியச் சொன்ன அழுத்தக் காலுறை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, ரூபாய் விழுந்ததும் ஒரு மாதச் சம்பளத்தை எட்டிப் பிடித்தது. இருந்த ஒரு சோடியை இரவில் கழுவிக் காயவைத்துப் பகலில் போட்டுக்கொண்டேன். முழங்காலில் கிழிந்தபோது ஊசிநூலால் தைத்தேன்.

2023 ஜனவரியில் வயிறு முடிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரு சதமும் செலவில்லாமல். ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை கீறி, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தோலையும் கொழுப்பையும் எடுத்தார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறதாம். கூனிக் குறுகித்தான் நடக்க முடிந்தது, நிமிர்ந்தால் தையல் இழுத்தது. இரண்டு பக்கமும் குழாய்கள், அவற்றின் நுனியில் சிவந்த நீர் சேரும் போத்தல்கள். குழாய்களைக் கழற்றிய பிறகும் தோலுக்கடியில் நீர் கட்டியது. மூன்று முறை ஊசியால் இழுத்து எடுத்தார்கள். இதையெல்லாம் எழுதுவது யாரையும் பயமுறுத்துவதற்கல்ல. படங்களில் ‘முன்னர்’ என்றும் ‘பின்னர்’ என்றும் இரண்டு பெண்களைக் காட்டுகிறார்கள். இடையில் இருக்கும் பெண்ணை யாரும் காட்டுவதில்லை.

கால்களுக்குத் தனியார் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. எனது கலியாண வளையல்கள் நான்கில் இரண்டு அதற்குப் போயின. என் கணவர் மற்ற இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, ‘இதெயும் எடுங்கொ, கைய விடக் கால் முக்கியம்’ என்றார். 2023 நவம்பரில் ஒரு முறை, 2024 ஜூனில் மறுமுறை. உப்புநீரில் மரக்கச் செய்யும் மருந்தும் இரத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் கலந்து முதலில் காலுக்குள் ஏற்றுவார்கள். பின்னர் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, நிணநீர் நாளங்கள் காயப்படாதவாறு காலின் நீளவாக்கிலேயே நகர்த்தி, கொழுப்பை உறிஞ்சுவார்கள். ஒரே அமர்வில் அளவுக்கு மிஞ்சி எடுப்பது உயிருக்கு ஆபத்து. அதனால்தான் இரண்டு தடவைகள். இது நிறை குறைக்கும் வழி அல்ல என்று வைத்தியர் பலமுறை சொன்னார். நிறை குறைந்து, ஓரிடத்தில் நிலைத்து நின்ற பிறகே கத்தியைத் தொட வேண்டும். புரதமும் இரும்புச்சத்தும் போதாத உடம்பில் காயம் ஆறாது. நோயும் முற்றாகப் போய்விடாது. காலுறையை நான் இன்றும் அணிகிறேன். அல்லாஹ் ஆயுள் தந்தால் இனியும் அணிவேன்.

அப்படியென்றால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். எனது கால்கள் இன்னமும் பெரியவை. தொடையின் உட்புறத்தில் தோல் தளர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. இடுப்பைச் சுற்றி ஒரு நீண்ட தழும்பு ஓடுகிறது. ஆனால் நோவு குறைந்துவிட்டது. பிள்ளை மடியில் வந்து விழுந்தால் நான் இப்போது துடிப்பதில்லை. 2025 ரமழானின் முதல் இரவில் கதிரையை மூலையில் வைத்துவிட்டு முசல்லாவில் நின்றேன். ஸுஜூதுக்குப் போனேன். எழும்பும்போது ஒரு கையை நிலத்தில் ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றி எழும்பினேன். நெற்றியில் பாயின் வரி பதிந்திருந்தது. பதினொரு வருடங்களாக நெற்றியில் இல்லாத வரி அது.

பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் மாமாவின் பேரனுக்குக் கலியாணம். ‘தாத்தா, ஒங்களுக்குக் கதிரெ போட்டீக்கி’ என்று தங்கச்சி கூப்பிட்டாள். வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தேன். என் சஹனில் ஐந்து பேர் இருந்தார்கள், ஆறாவது ஆள் நான். பக்கத்தில் தங்கச்சியின் மகள். பதின்மூன்று வயது. அவள் கால்களை ஒரு பக்கமாக மடித்து, பாவாடையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த இழுப்பை நான் எங்கே கண்டாலும் அடையாளம் காண்பேன். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னர் எனது கைகள் செய்த வேலை அது.

சாப்பாடு முடிந்ததும் அவளை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் உட்காரவைத்து, அவளுடைய பாதத்தை என் மடியில் வைத்தேன். கலியாணத்துக்கு வைத்த மருதோண்டி இன்னும் சிவந்திருந்தது. மெலிந்த, நீண்ட விரல்கள். இரண்டாவது விரலின் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினேன். இலகுவாக எழும்பியது. அதனை மட்டும் வைத்து முடிவுகட்ட நான் வைத்தியர் அல்லள். அவளைக் காட்ட வேண்டிய இடம் எனக்குத் தெரியும், அது போதும்.

‘பெரியும்மா, உம்மா சோத்தக் கொறெக்கச் செல்றாங்க. நான் கொறெச்சிட்டுத்தான் ஈக்கிறன்’ என்றாள். குரல் உடைந்தது.

‘எனக்குத் தெரியும் மகள்’ என்றேன். ‘நான் நம்பியன்.’

அந்தச் சொல்லை உம்மும்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.